ஏற்காடு ஏறும்போது கார் வெட்டுதா? ஸ்பார்க் பிளக் எப்படி தேயுது, நிக்கல் பிளாட்டினம் இரிடியம் என்ன வித்தியாசம், நாமளே எப்படி மாத்துறது – முழு வழிகாட்டி

போன மே மாசம் லீவு விட்டதும் குடும்பத்தோட ஏற்காடு கெளம்புனோங்க. அஸ்தம்பட்டி, கோரிமேடு, அடிவாரம் வரைக்கும் வண்டி வெண்ணெய் மாதிரி போச்சு. ஒம்பதாவது கொண்டை ஊசி வளைவுல ரெண்டாவது கியர்ல திருப்பி நிமுத்திட்டு ஆக்ஸிலரேட்டர அமுத்துறேன், வண்டி வெட்டுது. யாரோ பின்னாடி பம்பரைப் புடிச்சு இழுத்து இழுத்து விடுற மாதிரி ஒரு ஜெர்க். செக் என்ஜின் லைட்டு விட்டு விட்டு எரியுது, பின்னாடி பஸ்ஸு ஹாரன் அடிக்குது, அம்மா "கண்ணு, ஓரமா நிறுத்திரு"ங்கறாங்க. நிறுத்தி கொஞ்சம் ஆறவிட்டு, முதல் கியர்லயே மெதுவா உருட்டி மேல போய்ச் சேந்தோம்.

கீழ வந்ததும் நமக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணன்கிட்ட விட்டேன். பானெட்டத் தெறக்கறதுக்கு முன்னாடியே "ஏந்தம்பி, பிளக்கு மாத்தி எவ்ளோ நாளாச்சு"ன்னு கேட்டாரு. "தெரியலீங்கண்ணா, சர்வீஸ்ல பாத்துருப்பாங்க"ன்னேன். யாரும் பாக்கல. வண்டி 62,000 கிலோமீட்டர் ஓடியிருந்துச்சு, உள்ள இருந்தது கம்பெனில போட்டு விட்ட அதே நிக்கல் பிளக்கு. அன்னிக்கு அவர் பக்கத்துல நின்னு பாத்தது, அதுக்கப்புறம் நானே நாலு வண்டிக்கு மாத்திப் பழகுனது, எல்லாத்தையும் சேத்து எழுதறேன். நிறைய பேரு பிளக்குன்னா ஒருநாள் பொசுக்குன்னு செத்துப் போகும், அன்னிக்கு மாத்திக்கலாம்னு நெனைக்கறாங்க. அப்படி சாகாதுங்க. மாசக்கணக்கா தேஞ்சுகிட்டே இருக்கும், அந்தத் தேய்மானத்த காயில் (பிளக்குக்கு அதிக வோல்ட் குடுக்கற பாகம்) தாங்கிகிட்டே இருக்கும், நமக்கு ஒண்ணும் தெரியாது. தெரியற அன்னிக்கு பிளக்கோட சேந்து காயிலும் பாதி உசுரு போயிருக்கும்.

பிளக் தேயறதுன்னா என்ன தேயுது

பிளக்கோட அடியில நடுவுல ஒரு குச்சி, அதுக்கு மேல வளைஞ்சு வந்து நிக்கிற ஒரு கொக்கி. ரெண்டுக்கும் நடுவுல இருக்கற சந்துதான் கேப். பெரும்பாலான பெட்ரோல் கார்ல 0.7ல இருந்து 1.1 மி.மீ. வரைக்கும் இருக்கும். காயில் பல ஆயிரம் வோல்ட் குடுத்து அந்தச் சந்தத் தாண்ட வைக்குது, அதுதான் பொறி. ஒவ்வொரு பொறியும் போகும்போது கண்ணுக்குத் தெரியாத அளவு உலோகத்தப் பிச்சுகிட்டுப் போகும், அதுபோக உள்ள இருக்கற சூட்டுல உலோகம் ஆக்ஸிஜனோட சேந்தும் அரிச்சுப் போகும்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. நாலு ஸ்ட்ரோக் என்ஜின்ல ரெண்டு சுத்துக்கு ஒரு பொறி. சராசரியா 2,000 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு 2,000 சுத்து), 40 கிலோமீட்டர் வேகம்னு வெச்சுகிட்டா, 40,000 கிலோமீட்டர் ஓட 1,000 மணி நேரம், ஒவ்வொரு பிளக்கும் 6 கோடி தடவை பொறி விட்டுருக்கும். ஆறு கோடி தடவை கொஞ்சங் கொஞ்சமா பிச்சா எந்த உலோகந்தான் அப்படியே இருக்கும்.

அண்ணன் என் வண்டி பிளக்க வெய்யில்ல காட்டி, ஃபோன் கேமரால ஜூம் பண்ணி புதுப் பிளக்கு பக்கத்துல வெச்சுக் காமிச்சாரு. புதுசுல நடுக் குச்சியோட தலை தட்டையா, ஓரம் கத்தி மாதிரி கூர்மையா இருக்கு. பழசுல தலை உருண்டு, எழுதி எழுதித் தேஞ்ச பென்சில் முனை மாதிரி ஆயிருச்சு. மேல இருக்கற கொக்கியில சரியா குச்சிக்கு எதிர்ல, அம்மிக்கல்லு நடுவுல குழி விழுந்துருக்குமே, அந்த மாதிரி ஒரு குழி. சந்து அளக்கற ஃபீலர் கேஜ் விட்டுப் பாத்தா 1.0 இருக்க வேண்டிய எடத்துல 1.4. குழி இருக்கறதால கேஜ் காட்டறத விட நெசமான கேப் இன்னும் அதிகம்னு அவரு சொன்னாரு, தட்டை கேஜ் குழிக்குள்ள எறங்காதில்ல, அதுக்குத்தான் கம்பி கேஜ் வாங்கிக்கணும்.

இதுல ரெண்டு கேடு நடக்குதுங்க. கேப் அகலமானா தாண்டறதுக்கு அதிக வோல்ட் வேணும். ஓரம் உருண்டுட்டாலும் அதிக வோல்ட் வேணும், ஏன்னா கரண்டு கூர்மையான எடத்துல இருந்துதான் சுலபமாத் தாவும். ரெண்டும் சேந்து காயில் மேல ஏறுது.

சமதளத்துல தெரியாதது மலையில ஏன் தெரியுது

பொறி தாண்ட எவ்ளோ வோல்ட் வேணுங்கறது கேப்ப மட்டும் பொறுத்ததில்ல, சிலிண்டருக்குள்ள இருக்கற அழுத்தத்தையும் பொறுத்தது. அழுத்தம் ஏற ஏற தாண்டறது கஷ்டம். ஓமலூர் ரோட்ல நாலாவது கியர்ல சும்மா போகும்போது திராட்டில் (என்ஜினுக்குள்ள காத்த விடற கதவு) பாதிகூட தெறந்துருக்காது, உள்ள காத்து கம்மி, அழுத்தம் கம்மி, தேஞ்ச பிளக்கும் சமாளிச்சுரும். சேலம் கடல் மட்டத்துல இருந்து 280 மீட்டர் கிட்ட, ஏற்காடு 1,500 மீட்டர் கிட்ட, அவ்ளோ ஒயரத்த 20 கொண்டை ஊசி வளைவுல ஏறணும். வளைவுல வேகம் செத்து 1,500 ஆர்பிஎம்ல நிக்கும்போது முழுசா அமுத்துவோம் பாருங்க, அப்பத்தான் சிலிண்டர் நெறைய காத்து, அழுத்தம் உச்சத்துல இருக்கும். காயில் குடுக்கற வோல்ட் பத்தாது, பொறி விழாது, வண்டி வெட்டும். மேல காத்து மெலிசா இருக்கறதாலதான் வெட்டுதுன்னு நிறைய பேரு சொல்றாங்க. மெலிஞ்ச காத்துல இழுவை கொஞ்சம் கொறையும், அது உண்மை, ஆனா பொறி தாண்டறது சுலபந்தான் ஆகும். வெட்டுறதுக்குக் காரணம் ஏத்தத்துல என்ஜின் மேல விழற பாரம்.

செக் என்ஜின் லைட்டு விட்டு விட்டு எரிஞ்சா ஏத்தத்துல தொடர்ந்து அமுத்தாதீங்க. எரியாத பெட்ரோல் அப்படியே சைலன்சர் பக்கம் போயி புகையச் சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்ல எரியும், அது உருகிப்போனா செலவு பிளக்கு மாதிரி பத்து மடங்கு இருபது மடங்கு. கோளாறு நம்பர் காட்டற ஸ்கேனர் போட்டுப் பாத்து பி0300 வந்தா எந்த சிலிண்டர்னு இல்லாம பொதுவா மிஸ்ஸிங் (சரியா எரியாம விட்டுப்போறது), பி0301ல இருந்து பி0304 வரைக்கும் வந்தா கடைசி நம்பர்தான் சிலிண்டர் நம்பர்.

உலோகம் – இதுலதான் ஏமாறுறோம்

மொதல்ல ஒரு குழப்பத்தத் தீத்துக்கலாம். கடையில "காப்பர் பிளக்"னு கேப்பாங்க, குடுப்பாங்க. அதுல பொறி விழற முனை காப்பர் இல்லீங்க, நிக்கல் கலவை. காப்பர் உள்ள இருக்கற நடுத்தண்டு, சூட்ட மேல கடத்தி விடறதுக்கு. அந்தக் காப்பர் தண்டு பிளாட்டினத்துலயும் இரிடியத்துலயும்கூட பெரும்பாலும் இருக்கும். காப்பர் 1,085 டிகிரி செல்சியஸ்லயே உருகிரும், முனையில வெச்சா தாங்காது.

நிக்கல் உருகறது 1,455 டிகிரி. பொறி அரிக்கறத ரொம்ப நாள் தாங்காதுங்கறதால குச்சிய 2.5 மி.மீ. தடிமனா வெச்சுருப்பாங்க. தடிமனா இருக்கறதால பொறி தாண்ட அதிக வோல்ட் வேணும். ஆயுசு 30,000ல இருந்து 40,000 கிலோமீட்டர். வெல கம்மி, கரெக்டா மாத்துனா ஒரு கொறையும் இல்ல.

பிளாட்டினம் 1,768 டிகிரி. துருப்பிடிக்காது, அரிப்பு கம்மி, குச்சிய 1 மி.மீ. பக்கத்துக்கு மெலிசாக்கலாம். 80,000 கிலோமீட்டர் பக்கம் ஓடும். இதுல ஒத்தை, ரெட்டைன்னு ரெண்டு வகை. ஒத்தையில குச்சியில மட்டும் பிளாட்டினம், ரெட்டையில எதிர்ல இருக்கற கொக்கிக்கும் ஒரு பிளாட்டினம் பொட்டு. ஏன்னு கேட்டா, ரெண்டு சிலிண்டருக்கு ஒரு காயில் இருக்கற பழைய வண்டிங்கள்ல ஒரு பிளக்குல கரண்டு நேராப் போகும், ஜோடி பிளக்குல தலைகீழாப் போகும். எந்தப் பக்கம் மைனஸ்ஸோ அந்தப் பக்கந்தான் அதிகமா அரிக்கும். தலைகீழாப் போற பிளக்குல கொக்கி தேயும், அதுக்குத்தான் ரெட்டை. இந்த வகை வண்டியில ஒரு சுத்துக்கு ஒரு பொறி, வேலையும் ரெட்டிப்பு.

இரிடியம் 2,446 டிகிரி, ரொம்ப கெட்டியான உலோகம். குச்சிய 0.6 மி.மீ.க்கு, டென்சோ கம்பெனி பிளக்குல சில வகையில 0.4 மி.மீ.க்கே மெலிசாக்கிட்டாங்க, ஊசி முனை மாதிரி. கூர்மையா இருக்கறதால கம்மி வோல்ட்ல பொறி விழும், காயிலுக்கு ஓய்வு. இன்னொரு நன்மை, புதுசா எரிய ஆரம்பிக்கற சின்னத் தீய தடிமனான உலோகம் குளுர வெச்சுரும், ஊசி முனை அப்படி சூட்ட உறிஞ்சாது. இரிடியம் ரொம்ப சூட்டுல ஆக்ஸிஜனோட சேந்து ஆவியாப் போகும், அதனால ரோடியம் மாதிரி வேற உலோகம் கொஞ்சம் கலந்துதான் செய்யறாங்க.

இங்கதான் நான் பல பேருகிட்ட சண்டை போடறது. டப்பாவுல இரிடியம்னு இருந்தா ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடும்னு நம்பிடறாங்க. குச்சி மட்டும் இரிடியமா இருந்து கொக்கி வெறும் நிக்கலா இருந்தா, குச்சி அப்படியே இருக்கும், கொக்கி தேஞ்சு கேப் அகலமாயிரும். ஒரு லட்சம் ஓடற வகைக்கு கொக்கியிலயும் பிளாட்டினமோ இரிடியமோ பொட்டு வெச்சுருக்கும். கடையில டப்பாவத் தெறந்து கொக்கியோட உள்பக்கம் பாருங்க, பொட்டு இருக்கான்னு ஒரு நொடியில தெரிஞ்சுரும்.

அப்ப எது வாங்கறது? உங்க வண்டி மேனுவல்ல என்ன போட்டுருக்கோ அது. கம்பெனில இரிடியம் போட்ட வண்டிக்கு காசு மிச்சம்னு நிக்கல் போடாதீங்க, காயில் அந்த மெலிசு முனைய நெனச்சு வடிவமைச்சது. நிக்கல் வந்த வண்டிக்கு இரிடியம் போட்டா மைலேஜ் எகிறும்னு எதிர்பாக்காதீங்க, தேஞ்ச பிளக்க எடுத்துட்டு புது நிக்கல் போட்டாலும் அதே முன்னேற்றம் வரும். டர்போ வண்டிக்கு கேப்பும் ஹீட் ரேஞ்சும் (பிளக்கு சூட்ட எவ்ளோ சீக்கிரம் கடத்தி விடுதுங்கற அளவு) வேற, அதுல சொந்தப் புத்தி வேண்டாம். சிஎன்ஜி ஓட்டறவங்க சீக்கிரம் மாத்துங்க, கேஸுக்குப் பொறி விழ அதிக வோல்ட் வேணும், நம்ம ஊருல வாடகை வண்டி ஓட்டறவங்க நிறைய பேரு மாத்தாமலே ஓட்டறாங்க.

நம்பர் படிக்கத் தெரிஞ்சுக்கோங்க

என்ஜிகே பிளக்குல பிகேஆர்6ஈ-11னு இருந்தா, பி 14 மி.மீ. மரை, கே 16 மி.மீ. ஸ்பேனர் சைஸ், ஆர் உள்ள ரெசிஸ்டர் இருக்கு (அது இல்லேன்னா எஃப்எம் கரகரக்கும், என்ஜின கட்டுப்படுத்தற கம்ப்யூட்டர் ஈசியூவும் தடுமாறும்), 6 ஹீட் ரேஞ்ச், ஈ மரை நீளம் 19 மி.மீ., 11 கேப் 1.1. ஹீட் ரேஞ்சுல ஏமாற ஒரு எடம் இருக்கு, என்ஜிகேலயும் டென்சோலயும் நம்பர் ஏற ஏற குளுர்ந்த பிளக்கு, பாஷ்ல நம்பர் ஏற ஏற சூடான பிளக்கு. கம்பெனி மாத்தும்போது நம்பர மட்டும் பாத்து வாங்கிடாதீங்க. மரை நீளம் தப்பா வாங்கி நீளமாயிருச்சுன்னா பிஸ்டன் தலையில இடிக்கும்.

போலியும் நெறைய. நானே ஒரு தடவ ஆன்லைன்ல பாதி வெலைக்கு ஒரு செட்டு வாங்கி ஏமாந்தேன், முனை ஊசி மாதிரி இல்லாம மொத்தமா இருந்துச்சு, வாசர் கையாலயே கழண்டு வந்துச்சு, பீங்கான்ல இருந்த எழுத்து நகத்துல சொரண்டுனா போயிருச்சு. போடவே இல்ல, அப்படியே குப்பையில போட்டேன்.

கழட்டறது

என்ஜின் முழுசா ஆறி இருக்கணும், காலையில எழுந்ததும் பண்றதுதான் நல்லது. பிளக்கு மாட்டியிருக்கற சிலிண்டர் ஹெட்டு அலுமினியம், சூட்டுல மரை மென்மையா இருக்கும், அப்ப கழட்டுனா மரையோட பிச்சுகிட்டு வரும், அப்புறம் ஹெட்ட எறக்கி லேத்துக்குத் தூக்கிட்டு அலையணும்.

பிளாஸ்டிக் மூடிய எடுங்க. காயில் ஒயர் சாக்கெட்டுல ஒரு லாக் இருக்கும், பழைய வண்டியில அது மொறுமொறுன்னு ஆயிருக்கும், மெதுவா அமுத்தி எடுங்க. பெரும்பாலும் 10 நம்பர் போல்ட்டு ஒண்ணுதான் காயிலப் புடிச்சுருக்கும். ஒவ்வொரு காயில்லயும் மார்க்கர்ல 1, 2, 3, 4 எழுதிக்கோங்க. காயில நேரா இழுக்காம லேசா இடவலமாத் திருகி மேல தூக்குங்க.

பிளக்க ஒடனே கழட்டாதீங்க, இந்த எடத்துலதான் அவசரப்படக்கூடாது. அந்தக் குழிக்குள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க. மேக்னசைட் சுரங்கம் பக்கம் ஓடற வண்டியில வெள்ளையா பொடி படிஞ்சுருக்கும், மழையில ஏற்காடு போய் வந்த வண்டியில தண்ணி நின்னு துரு இருக்கும். பிளக்க எடுத்தா அது அத்தனையும் சிலிண்டருக்குள்ள விழும். பஞ்சர் கடையில காத்து புடிச்சு ஊதி விடுங்க, இல்லேன்னா சைக்கிள் பம்பாவது. குழிக்குள்ள ஆயில் நின்னா வால்வு கவர் பக்கம் சீல் போயிருக்கு, அதையும் சேத்துப் பாக்கணும், ஆயில் காயில் ரப்பர ஊற வெச்சுக் கெடுத்துரும்.

உள்ள ரப்பர் வெச்ச பிளக் சாக்கெட்டப் போட்டு கால் சுத்து கழட்டுங்க. ரொம்ப இறுக்கமா இருந்தா துருவுக்கு அடிக்கற எண்ணெய ரெண்டு சொட்டு விட்டு அரை மணி நேரம் விட்டுருங்க, அப்புறம் கொஞ்சம் கழட்டி கொஞ்சம் இறுக்கி, மறுபடி கழட்டி, அப்படியே கொண்டு வாங்க. எடுத்ததும் முட்டை அட்டையில சிலிண்டர் வரிசைப்படி நிறுத்தி வைங்க. பக்கத்துல நாமக்கல் இருக்க நமக்கு முட்டை அட்டைக்கா பஞ்சம்.

பிளக்கப் படிக்கறது

நாலையும் ஒண்ணாப் பாருங்க. நாலும் ஒரே மாதிரி பிஸ்கட் கலர்லயோ சாம்பல் கலர்லயோ இருந்தா என்ஜின் நல்லாருக்கு, தேய்மானம் மட்டுந்தான். காஞ்ச கறுப்பு மசி பெட்ரோல் அதிகமா போறத, இல்லேன்னா ரொம்ப கம்மி தூரமே ஓட்டறதக் காட்டும். பிளக் தன்னத்தானே சுத்தம் பண்ணிக்க முனை 450 டிகிரிக்கு மேல போகணும், அஞ்சு ரோட்ல இருந்து செவ்வாய்ப்பேட்டைக்கு மட்டுமே ஓடற வண்டி அந்தச் சூட்டத் தொடாது. பளபளன்னு ஈரமா கறுப்பா இருந்தா ஆயில் உள்ள வருது. வெள்ளையா பீங்கான்ல கொப்புளம் மாதிரி இருந்தா அதிகச் சூடு, தப்பான ஹீட் ரேஞ்சா, கூலன்ட் பிரச்சனையான்னு பாக்கணும், அத விட்டுராதீங்க.

ஒண்ணே ஒண்ணு மட்டும் வேற மாதிரி இருந்தா கோளாறு அந்த சிலிண்டர்ல. ஏற்காட்டுல இருந்து எறங்கி வந்த கையோட மட்டும் கழட்டிப் பாக்காதீங்க, கியர்லயே இருபது வளைவு எறங்கும்போது என்ஜின் உறிஞ்சற உறிஞ்சல்ல தேஞ்ச வால்வு சீல் வழியா ஆயில் உள்ள வரும், பிளக்கு உண்மைய விட மோசமாத் தெரியும்.

வெளிப் பீங்கான்ல இரும்பு தொடங்கற எடத்துல பழுப்பா ஒரு வளையம் இருந்தா பயப்படாதீங்க, கம்ப்ரெஷன் லீக் இல்ல, அது மின்சாரம் இழுத்து ஒட்ட வெச்ச ஆயில் தூசி. ஆனா மேல இருந்து கீழ வரைக்கும் பென்சில்ல கோடு போட்ட மாதிரி கறுப்புக் கோடு இருந்தா கரண்டு உள்ள போகாம வெளிய வழியா ஓடியிருக்கு. என் வண்டி மூணாவது சிலிண்டர்ல அந்தக் கோடு இருந்துச்சு, காயில் ரப்பருக்குள்ளயும் அதே கோட்டோட அச்சு. பிளக்க மட்டும் மாத்துனா புதுசுலயும் அதே வழியில பாயும், ரப்பரையும் மாத்தணும்.

எமரி பேப்பர் போட்டுத் தேச்சு மறுபடி போடற பழக்கத்த விட்டுருங்க. கம்பி பிரஷ் பீங்கான்ல உலோகத் தடம் விட்டுரும், கரண்டு அதுல ஓடும். பிளாட்டினம் இரிடியத்துல முனையே போயிரும்.

மாட்டறது

புதுசுலயும் கேப் செக் பண்ணுங்க, கீழ விழுந்துருந்தா மாறியிருக்கும். நிக்கல்னா கொக்கிய மட்டும் மெதுவா வளைச்சு சரி பண்ணலாம், குச்சிய நெம்பக்கூடாது. இரிடியம்னா கேஜ முனையில படாமப் பாத்துக்கோங்க, அந்த ஊசி ஒடிஞ்சுரும், கேப் தப்பா இருந்தா கடையில மாத்திக்கறதுதான் என் பழக்கம். தரையில விழுந்த பிளக்க போடாதீங்க, பீங்கான் விரிசல் கண்ணுக்குத் தெரியாது.

பிளக் தலையில ஒரு ஜாண் ரப்பர் ஓஸ செருகி, அத வெச்சு குழிக்குள்ள எறக்கி விரலால சுத்துங்க. மரை கோணலா ஏறுனா ஓஸ் வழுக்கிரும், ராட்செட்டு வழுக்காது, மரையத் தின்னுரும். கையாலயே கடைசி வரைக்கும் போகணும். அப்புறம் எவ்ளோ இறுக்குறோம்னு அளவு காட்டற டார்க் ரெஞ்சு, அலுமினிய ஹெட்டுல வாசர் வெச்ச 14 மி.மீ. மரைக்கு 25ல இருந்து 30 நியூட்டன் மீட்டர், 12 மி.மீ.க்கு 15ல இருந்து 20, 10 மி.மீ.க்கு 10ல இருந்து 12, மேனுவல்ல வேற இருந்தா அதுதான் கணக்கு. ரெஞ்சு இல்லேன்னா புது வாசர் பிளக்குக்கு கை இறுக்கத்துக்கு மேல அரை சுத்துல இருந்து மூணுல ரெண்டு பங்கு சுத்துக்குள்ள, டப்பாவுல படம் போட்டுருக்கும் பாத்துக்கோங்க. வாசர் இல்லாம கூம்பா இருக்கற வகைக்கு பதினாறுல ஒரு பங்கு சுத்துதான், தொட்டு விடற அளவு.

மரையில கிரீஸ் தடவாதீங்க. இப்ப வர்ற பிளக்குக்கு மரையில பூச்சு உண்டு, கிரீஸ் போட்டா வழுக்கி ரெஞ்சு காட்டறத விட அதிகமா இறுகி பிளக்கே நீண்டு கெட்டுரும். லூஸா விட்டாலும் ஆபத்துதான், சூடு ஹெட்டுக்குப் போறது பெரும்பாலும் மரை, வாசர் வழியாத்தான், தொடாம நின்னா முனை பழுத்துரும்.

காயில் ரப்பருக்குள்ள சிலிக்கான் கிரீஸ் கொஞ்சூண்டு, நம்பர் பாத்து அந்தந்த எடத்துல அமுத்துங்க, டக்குன்னு உக்காரும். சாக்கெட்ட மாட்டி ஸ்டார்ட் பண்ணி ரெண்டு நிமிஷம் ஐட்லிங் கேளுங்க.

பிளக்கு மாத்துன மறுநாளே, ஞாயித்துக்கெழம காலையில ஆறு மணிக்கு, அதே ஒம்பதாவது வளைவுக்குப் போனேன். அதே ரெண்டாவது கியர், அதே மாதிரி முழுசா அமுத்துனேன். ஒரு இழு இழுத்துட்டு ஏறிருச்சு. ஏற்காடு ஒண்டிக்கடைல ஒரு டீ குடிச்சுட்டு, பானெட்டோட உள்பக்கம் மாஸ்கிங் டேப் ஒட்டி பிளக் நம்பர், தேதி, 62,140ன்னு எழுதி வெச்சேன், அடுத்து மாத்த வேண்டியது 1,02,000ன்னு அதுக்குக் கீழயே.